இருபத்தேழே முக்கால்

வங்காள விரிகுடாவின் மேல்தண்ணீர் எத்தனை டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பதை ஆதியிலிருந்து சூரியன்தான் கவனித்துக்கொண்டிருந்தது. 2071-ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பு அதனிடமிருந்து பறிக்கப்பட்டு, இருபத்துமூன்று உறுப்பினர்கள் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. சூரியனுக்கு நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய வருடம் கடல் முப்பதரை டிகிரி வரை கொதித்து, ஒரே பருவத்தில் ஒன்பது புயல்களைப் பெற்றுப் போட்டது. ஒன்பதாவது புயலுக்குப் பெயர் வைக்கக் கூட ஆள் இல்லை. அப்போதுதான் கோடியக்கரைக்குக் கிழக்கே ஆயிரத்து நூறு மிதவைப் பம்புகளைக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒவ்வொன்றிலும் முந்நூறு மீட்டர் நீளக் குழாய். ஆழத்துக் குளிர்நீரை உறிஞ்சி மேலே கொட்டும், கடல் ஆறும், புயல் சோர்ந்து போகும். அப்படியே நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டி முடிப்பதற்குள் இரண்டு விஷயம் தெரிந்தது. ஆழத்து நீரோடு மீனுக்குத் தேவையான சத்தெல்லாம் மேலே வந்ததால், மத்தியும் நெத்திலியும் கானாங்கெளுத்தியும் கரையோரம் அலைமோதின. நாகப்பட்டினத்து மீனவர்கள் கோயிலில் பம்புக்கு அர்ச்சனை செய்தார்கள். இன்னொரு பக்கம், குளிர்ந்த கடல் மேகம் கட்டவில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்திருந்த கடைமடை விவசாயிகள் வானத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பம்பைப் பார்த்தார்கள். அவர்களும் பம்பைப் பற்றித்தான் கடவுளிடம் பேசினார்கள். சொற்கள் வேறு.

மீனவர் சங்கம் இருபத்தாறரை டிகிரி கேட்டது. விவசாயிகள் சங்கம் இருபத்தொன்பது கேட்டது. குழு பதினோரு முறை கூடி, நாற்பது கிலோ முந்திரியைத் தின்று தீர்த்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது. இருபத்தேழே முக்கால். யாருக்கும் வெற்றியில்லை, யாருக்கும் தோல்வியில்லை என்று அமைச்சர் பேட்டி கொடுத்தார்.

இந்த எண்ணைக் கடலில் நடைமுறைப்படுத்தும் வேலைக்குத்தான் 2074 ஆகஸ்டில் நிறைமதி வந்து சேர்ந்தாள். பதவியின் பெயர் வெப்பநிலை அலுவலர். நாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில், குழுவின் முடிவுகளை நிறைவேற்றும் ஆணையத்தின் கட்டடம். மூன்றாவது மாடியில் அவள் அறை. சுவர் முழுக்க ஆயிரத்து நூறு பம்புகளின் அளவுகளைக் காட்டும் பலகை. அவளுக்கு முப்பத்தாறு வயது. பக்கத்திலேயே அக்கரைப்பேட்டையில் பிறந்தவள். அப்பா கடலோடி, அண்ணன் செழியன் இன்றைக்கும் கடலோடி. அவளைப் படிக்கவைத்ததே மீன்தான். அந்த ஊர்க்காரி இந்த நாற்காலிக்கு வந்துவிட்டாள் என்று அக்கரைப்பேட்டையில் கேசரி கொடுத்தார்கள். அதே நாள் விவசாயிகள் சங்கம் அவளை மாற்றச் சொல்லி மனுக் கொடுத்தது.

நிறைமதிக்கு அந்த மனு முள்ளாகக் குத்தியது. அவள் ஆட்டோவுக்குக் கூட ஆணையத்தின் காசைத் தொடாதவள். தன் ஊருக்கு அரை டிகிரி கூடச் சலுகை காட்டிவிட்டதாக ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே, அண்ணன் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அவன் கொடுத்தனுப்பிய வஞ்சிர மீனைத் திருப்பி அனுப்பினாள். அண்ணி கையால் வறுத்தது என்று தெரிந்தும் அனுப்பினாள்.

செப்டம்பர் மாதக் குழுக் கூட்டத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் தந்தார்கள். இருபத்தேழே முக்கால் என்பது அறிவியலில் அர்த்தமில்லாத எண் என்று விளக்கினாள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கால் அரை டிகிரிக்கு இத்தனை ரகளையா என்று கேட்டார்.

"சார், கடல் இருபத்தெட்டைத் தாண்டினாத்தான் அதுமேல இருக்கிற காத்து ஈரத்தைத் தூக்கிக்கிட்டு மளமளன்னு மேல ஏறும், பெரிய மேகமா கட்டும்," என்றாள். "அதுக்குக் கீழ நீங்க கால் டிகிரி கூட்டினாலும் அரை டிகிரி கூட்டினாலும் ஒண்ணும் ஆகாது. தோசைக்கல்லு பாதி சூட்டுல இருந்தா பாதி தோசையா வரும்? மாவு ஒட்டிக்கிட்டுப் போகும், அவ்வளவுதான். மீன் பக்கமும் அதே கதை. பம்பு பாதி வேகத்துல ஓடினா ஆழத்துச் சத்து நடுவழியிலயே கரைஞ்சிடுது. ரெண்டு பேருக்கும் சமமா ஒண்ணுமில்லாமப் பண்ணுற எண் இது."

"சமமா," என்று நீதிபதி பிடித்துக்கொண்டார். "அதைத்தானேம்மா நாங்களும் சொல்றோம். நீங்க அறிவியல் பேசுறீங்க. குழு நியாயம் பேசுது."

கூட்டக் குறிப்பில், எண் இரு தரப்புக்கும் சமமானது என்பதை வெப்பநிலை அலுவலரும் உறுதிசெய்தார் என்று பதிவானது.

ஆணையர் ரோஹித் வைத்தியலிங்கம் மட்டும் கூட்டம் முடிந்து அவளோடு லிப்ட் வரை நடந்து வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கியிருந்த, சத்தம் போடாத மனிதர். நன்றாகச் சொன்னீர்கள் என்றார். எண்ணை மாற்ற வழியிருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, லிப்டின் பொத்தானை இன்னொரு முறை அழுத்திவிட்டு, எண் எழுத்தில் இருக்கிறது, கடல் உங்கள் கையில் இருக்கிறது என்றார். அதை ஒரு பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் வந்தது. மழை வரவில்லை. மீனும் வரவில்லை. சமத்துவம் பூரணமாக நிலவியது.

திங்கட்கிழமைகளில் மனு வாங்க வேண்டும் என்பது விதி. கல்யாண மண்டபக்காரர்கள் முகூர்த்த நாளுக்கு மழை வேண்டாம் என்று கேட்டார்கள். குடை வியாபாரி ஒருவர் வேண்டும் என்று கேட்டார். ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர், மாநாட்டன்று தங்கள் திடலில் வெயிலும் எதிர்க்கட்சித் திடலில் தூறலும் அடிக்க ஏற்பாடு செய்ய முடியுமா என்று விசாரித்தார். அந்த வரிசையின் கடைசியில்தான் வர்ஷினி வந்தாள்.

வேதாரண்யத்துக்கு மேற்கே, மேட்டூர்த் தண்ணீர் பெயருக்குக் கூட எட்டாத ஒரு கடைமடை ஊர்க்காரி. அறுபது வயதைத் தாண்டியவள். அவள் பிறந்த காலத்தில் பாதி பெண்குழந்தைகளுக்கு அந்தப் பெயர்தான் வைத்தார்கள். மழைக்காரி என்று பொருள். மூன்று ஏக்கரில் சம்பா நேரடியாக விதைத்திருந்தாள். முதல் திங்கட்கிழமை மனு கொடுத்தாள். இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து மனு இல்லை. எதிரே நாற்காலியில் உட்காருவாள். மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொள்வாள். எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னைக்கு எவ்ளோம்மா?"

"இருபத்தேழே முக்கால்."

"சரிம்மா."

எழுந்து போய்விடுவாள். திட்டியிருந்தால் நிறைமதி விதியைக் காட்டியிருப்பாள். அழுதிருந்தால் தண்ணீர் கொடுத்திருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குப் பயிற்சி தரவில்லை. ஐந்தாவது திங்கட்கிழமை அந்த எண்ணை நிறைமதி பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பேருந்தேறி அந்த ஊருக்குப் போனாள். வர்ஷினியின் வயலைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. எல்லா வயலும் ஒரே மாதிரிதான் இருந்தது. முழங்காலுக்கு வந்திருக்க வேண்டிய பயிர் கணுக்காலில் நின்று பழுத்திருந்தது. வெடிப்புக்குள் செருப்போடு கால் போனது. வரப்பில் ஒரு ஆள் காய்ந்த பயிரை ஆட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தான். இன்னும் பத்து நாளில் மழை விழுந்தால் பாதியாவது பிழைக்கும், இல்லையென்றால் ஆடு பிழைக்கும் என்றான். இவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டான். அக்கரைப்பேட்டை என்று சொல்ல வாய் வரவில்லை. திருச்சி என்றாள்.

மறுநாள் காலை, நவம்பர் ஐந்தாம் தேதி, பத்தேகால் மணிக்கு, நிறைமதி தன் வாழ்க்கையின் முதல் குற்றத்தைச் செய்தாள்.

கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். எளிதாக இருந்தது. மிதவைகளில் உள்ள வெப்பமானிகளை அவ்வப்போது சரிபார்ப்புக்கு விடுவது வழக்கம். சரிபார்ப்பு முடியும்வரை சுவர்ப் பலகை உண்மையான சூட்டைக் காட்டாது. குழு விதித்த எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டும். கோடியக்கரைக்கு நேரே இருந்த, பலகையோடு இணைக்கப்படாத ஒரு பழைய மிதவையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரிபார்ப்புக்கு விட்டாள். பிறகு பம்புகளை ஒவ்வொரு வரிசையாக நிறுத்தினாள். பலகை முழுக்க இருபத்தேழே முக்கால் ஒளிர்ந்தது. அதற்குக் கீழே கடல் தன் பழைய வேலையைத் தொடங்கியது.

நான்கு நாளில் இருபத்தெட்டு. ஏழாம் நாள் இருபத்தெட்டரை. அந்த ஒற்றை மிதவையின் எண்ணைத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலும் குளியலறை அலமாரியிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பதில் நிற்க வேண்டும். முப்பதைத் தொட்டால் மழையோடு புயலும் வரும். வர்ஷினியின் வயலைக் காப்பாற்றப் போய் வர்ஷினியையே மூழ்கடிக்க நேரும். எட்டாம் நாள் முந்நூறு பம்புகளைத் திரும்ப ஓட விட்டாள். அவசரத்தில் ஒரு வரிசையை இரண்டு முறை அழுத்தினாள்.

பத்தாம் நாள் காலை கிழக்கே கறுத்தது. பதினோரு மணிக்கு முதல் தூறல் அலுவலகக் கண்ணாடியில் விழுந்தபோது பியூன் ஓடிப்போய்ப் படி ஏறி மொட்டை மாடியில் நின்றுகொண்டான். அன்று தொடங்கி, விட்டு விட்டுப் பன்னிரண்டு நாள் பெய்தது. ஆர்ப்பாட்டமில்லாத, வயலுக்கென்றே அளந்து விட்டது போன்ற மழை.

உலகத்தில் எத்தனையோ செயற்கைக்கோள்கள் வங்காள விரிகுடா இருபத்தொன்பது டிகிரி இருப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆணையத்தின் பலகையில் இல்லாத வெப்பநிலையை வெளியிடுவது சட்டப்படி வதந்தி. வானிலை எழுதும் இரண்டு பேர் உண்மையைப் போட்டார்கள். அவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள்.

பொய்ப் பலகை ஒருவனிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. மழையின் ஆறாம் நாள் மாலை செழியன் அவள் குடியிருப்புக்கு வந்தான். நனைந்த சட்டையோடு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"தண்ணியில கைய விட்டேன், நிறை. வெந்நி."

அவள் துண்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"பலகையில என்ன போட்டிருந்தாலும் என் கைக்குத் தெரியாதா? நாலு நாளா வலையில எதுக்கும் ஆகாத சொறிமீனுதான் வருது. கொஞ்சநஞ்சம் இருந்த மத்தியும் தெக்கே போயிடுச்சு."

அண்ணே, நானே போய்ப் பார்த்தேன், அங்கே ஒரு ஊரே காய்ந்து கிடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். அவன் கையமர்த்தினான். வயல் காய்ந்தது தனக்கும் தெரியும் என்றான். தானும் சோறுதான் தின்பதாகச் சொன்னான். கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான் என்றான்.

"அந்த ஊர்ல போயி பாத்தியே. நம்ம ஊருக்கு எப்ப வந்த, கடைசியா?"

இந்த வேலைக்கு வருவதற்கு முன், ஜூலையில் போனதுதான். அவன் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனாகவே சொன்னான். ஜனவரியில் மங்களூர்ப் பக்கம் யாரோ ஒருவருடைய படகுக்கு வேலையாளாகப் போகிறேன் என்றும், தன்னோடு சேர்த்து மூன்று பேர் ஊரிலிருந்து போகிறார்கள் என்றும் சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான். சொந்தப் படகு வைத்திருந்தவன்.

டிசம்பரில் கொண்டாட்டம் தொடங்கியது. இருபத்தேழே முக்கால் வேலை செய்துவிட்டது. மழை பெய்த பன்னிரண்டு நாளும் பலகையில் அதே எண்தான் என்பதற்கு அரசு ஆவணம் சாட்சி. நீதிபதியின் நியாயம் அறிவியலை வென்றதாகத் தலையங்கம் வந்தது. எண் பொறித்த பனியன்கள் வந்தன. தஞ்சாவூரில் ஒருவர் தன் இரட்டைக் குழந்தைகளுக்கு டிகிரிச்செல்வன், டிகிரிச்செல்வி என்று பெயர் வைத்தார். கடைசியில், இந்த எண்ணை எந்த அரசு வந்தாலும் மாற்ற முடியாதபடி நிரந்தரச் சட்டமாக்கப் போகிறோம் என்று அமைச்சர் அறிவித்தார்.

அதைப் படித்த அன்று நிறைமதி நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். என்ன செய்தாள், எந்தத் தேதியில், எத்தனை பம்பு, பழைய மிதவையின் உண்மையான அளவுகள் எல்லாம் இணைத்து, தண்டனைக்குத் தயார் என்று கையெழுத்திட்டு ஆணையரிடம் கொடுத்தாள். பொய்யான எண் சட்டமானால் அடுத்த வருடம் வயலும் கடலும் சேர்ந்தே சாகும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

வைத்தியலிங்கம் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மடித்தார். மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். உள்ளே ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் இருந்தன.

"உங்களுது மூணாவது," என்றார். "போன வருஷம் இருந்த பொன்வண்ணனும் கொடுத்தார். அதுக்கு முந்தின வருஷத்துக்காரரும். கையெழுத்து உங்களுதுதான் நல்லா இருக்கு."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று.

"போன வருஷம் அக்கரைப்பேட்டையில மீன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

அபாரமாக இருந்தது. அண்ணன் புது வலை வாங்கியதே அப்போதுதான். பலகையில் அப்போதும் இருபத்தேழே முக்கால்.

"பொன்வண்ணன் விவசாயி மகன்," என்றார் ஆணையர். "தன் ஊருக்குச் சாதகமா நடந்துட்டான்னு பேர் வந்துடுமோன்னு பயந்தே சாகிற ஆளு. மீனவர் ஒருத்தர் வந்து எதிர்ல உக்காந்தா அவரால தாங்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். இருபத்தாறரைக்குக் கொண்டுபோயிட்டார். இந்த வருஷம் மழை வேணும். அதனால மீனவர் வீட்டுப் பொண்ணா தேடினேன். அண்ணன் கொடுத்த மீனைத் திருப்பி அனுப்பினீங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே எனக்கு நிம்மதி."

ஏன் இதை வெளிப்படையாகவே செய்யக்கூடாது, ஒரு வருடம் மழை, ஒரு வருடம் மீன் என்று குழுவிலேயே முடிவெடுக்கலாமே என்று கேட்டாள். அதுதான் முதல் கூட்டத்திலேயே தான் வைத்த யோசனை என்றார் அவர். யாருடைய வருடம் முதலில் என்று பதினோரு கூட்டம் சண்டை போட்டார்கள். அந்தப் பதினோரு கூட்டத்தில் ஒரு பருவம் முழுதும் போயிற்று. சண்டையின் முடிவில் வெளியே வந்ததுதான் இந்த முக்கால்.

"என்னால அவங்க புத்திய மாத்த முடியாது. ஆளை மாத்த முடியும். வருஷத்துக்கு ஒரு நல்ல ஆள் கிடைச்சாப் போதும்."

"நாங்க குற்றவாளி ஆகிறோமே சார்."

"நீங்க கொடுக்கிற கடிதத்தை நான் பெட்டியில வைக்கிறேன். அதுவும் குற்றம்தான். கணக்குப் பார்த்தா என்மேலதான் அதிகம்," என்றார். பிறகு மாறுதல் ஆணையை எடுத்து நீட்டினார். விசாகப்பட்டினம், பதவி உயர்வோடு. நற்பணிச் சான்றிதழும் உண்டு. விதித்த வெப்பநிலையை இம்மியும் பிசகாமல் காத்ததற்காக.

ஒரு வாரத்தில் புதியவர் வந்தார். ஆதிரன், மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம், முப்பத்திரண்டு வயது. பொறுப்பை ஒப்படைக்கும்போது அவனை நிறைமதி கவனித்தாள். அலுவலகப் பேனாவால் சொந்தக் குறிப்பு எழுதவில்லை. சட்டைப் பையில் தனிப் பேனா வைத்திருந்தான். தன் ஊருக்குச் சலுகை காட்டுவதாக யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள் மேடம் என்று அவனாகவே சொன்னான். சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் போதும் என்று நம்புவதாகச் சொன்னான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மாலையே அக்கரைப்பேட்டைக்குப் போனாள். செழியன் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஆணையர் சொன்னது அத்தனையையும் அவனிடம் சொன்னாள். அடுத்த பருவம் மீன் வரும், போகாதே என்றாள். அவன் அடுக்குவதை நிறுத்தினான்.

"அப்ப அந்த வயக்காட்டு அம்மா?"

இந்த வருடம் விளைந்ததைப் பார்த்து அவள் அடுத்த வருடம் பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுத்து விதைக்கப் போவதாகக் கேள்வி என்றாள் நிறைமதி.

"அவங்ககிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லு. அவங்களுக்குச் சொல்லாததை எனக்கும் சொல்லாத."

இரண்டு பேரும் அவன் பைக்கிலேயே போனார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. வர்ஷினியின் வீட்டு முன்னால் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கோழியை விரட்டிக்கொண்டிருந்தவள், நிறைமதியைப் பார்த்ததும் கோழியை மறந்து எழுந்தாள். நாற்காலி போட்டாள். செழியனை யாரென்று கேட்டாள். அண்ணன், மீன்பிடிக்கிறார் என்றதும் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இருவருக்கும் தேநீர் போட்டு எடுத்து வந்தாள்.

நிறைமதி சொன்னாள். நவம்பரில் தான் செய்தது, இழுப்பறைக் கடிதங்கள், அடுத்த பருவத்தில் மழை இருக்காது என்பது, அதனால் சம்பா விதைக்காமல் உளுந்து பயறு என்று ஏதாவது போட்டுக்கொள்ளச் சொல்லி வந்திருப்பது. சொல்லி முடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

வர்ஷினி காய்ந்த நெல்லைக் காலால் அளைந்துகொண்டே கேட்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"போன வருஷம் இதே மாதிரி பொன்வண்ணன் சாரும் வந்தாரு," என்றாள். "இதே நாக்காலிதான். வயலைக் காயவிட்டுட்டேன்னு அழுதாரு. அவருதான் சொல்லிட்டுப் போனாரு. அடுத்து மீன்காரங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு வரும், அதுகிட்ட சத்தம் போடாதீங்க, மனு கொடுக்காதீங்க, போயி எதிர்ல உக்காருங்கன்னு."

நிறைமதி தேநீரைக் கீழே வைத்தாள்.

ஐந்து திங்கட்கிழமைகள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து. மனசாட்சி என்று அவள் பெயர் வைத்திருந்தது எதுவோ, அதற்கு ஒருவர் ஆள் தேர்வு செய்து, இன்னொருவர் பயன்படுத்தும் முறையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே ஏதோ ஒன்று.

"பயிர் காஞ்சது நெசம்மா," என்றாள் வர்ஷினி, அவள் முகத்தைப் பார்த்து. "பொய்யின்னு நெனைச்சுக்காதீங்க. வயித்தெரிச்சலைக் கத்தாம உள்ளேயே வச்சுக்கிட்டு உக்காரணும்னு சொன்னதுதான் அவரு. அது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது."

பக்கத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதெல்லாம் வெறும் பேச்சு என்றாள். ஊர்க்காரர்களிடம் சட்டத்தை நம்பாதீர்கள், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் விதையுங்கள் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் எண் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றாள்.

செழியன் கேட்டான், இதையெல்லாம் சங்கத்துக்காரர்களிடம் சொல்லி ஊரறியச் செய்துவிட்டால் என்ன என்று.

"செஞ்சா உடனே கூட்டம் போடுவானுங்க தம்பி," என்றாள் வர்ஷினி. அவன் தலையாட்டினான். அதற்கு மேல் அந்த யோசனையைப் பற்றி யாரும் பேசவில்லை. கோழி திரும்ப நெல்லுக்கு வந்தது. அவன்தான் எழுந்து விரட்டினான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவன், கொஞ்சம் தயங்கி, அந்த மாதிரி எதிரே போய் உட்காருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் விசாரிக்கத் தொடங்கினான். தனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னான். வர்ஷினி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும், கிழிந்ததைப் போட்டால் நடிப்பாகத் தெரியும். நாற்காலியின் நுனியில் உட்காரக் கூடாது. அவசரம் காட்டக் கூடாது. சொல்லச் சொல்ல அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டான். மங்களூர்ப் பேச்சை அதன் பிறகு அவன் எடுக்கவில்லை.

நிறைமதி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் ஆணையத்து வாசலில் இவர்களுடைய ஊர்கள் ஒன்றின் கொடும்பாவியை ஒன்று கொளுத்தின. இப்போது ஒரு தேநீர் ஆறுவதற்குள் கடலைப் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். குழுவில் இவர்களுக்கு இடமில்லை. உறுப்பினராக முனைவர் பட்டமாவது ஓய்வூதியமாவது வேண்டும்.

கிளம்பும்போது வர்ஷினி ஒரு பை புது அரிசியை நீட்டினாள். நிறைமதி வழக்கம்போல் மறுக்கப் போனாள். செழியன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

பைக் வரை கூட வந்த வர்ஷினி, எதையோ நினைத்துக்கொண்டவள் போல நிறைமதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"புதுசா வந்திருக்குதே அந்தத் தம்பி. பாத்தீங்களா? ஆளு எப்படி?"

நிறைமதிக்கு அந்தத் தனிப் பேனா நினைவுக்கு வந்தது. எச்சரித்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. எதைச் சொல்லி எச்சரிப்பது என்று தெரியவில்லை.

"ரொம்ப நல்லவரு," என்றாள்.

"அப்ப கவலையில்ல," என்றாள் வர்ஷினி.